இளைத்த பிறகு எழுதியவை

பிப்ரவரி 3

எடை குறைக்கும் ஆபரேஷனுக்குப் போன அன்று 134 கிலோ. இன்று காலை 86. உடம்புக் கணக்கு எழுத வேறு நோட்டு இருக்கிறது: புரதம் எத்தனை கிராம், பிரஷர் எவ்வளவு, எந்த மாத்திரை தீரப்போகிறது என்று. இது மனிதர்களைப் பற்றி எழுத. நான் இளைத்ததில் என்னைவிட அதிகம் மாறியது அவர்கள்தான் என்று கொஞ்ச நாளாகவே தோன்றிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 11

பஸ்ஸில் ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. பல வருஷமாக என் பக்கத்து இருக்கை கடைசியில்தான் நிரம்பும். சிலர் அதைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே வருவார்கள். இவர் சர்வ சாதாரணமாக உட்கார்ந்து, போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் பழைய வழக்கத்தில் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 19

மீட்டிங்கில் நான் சொன்னதை மேலதிகாரி குறித்துக்கொண்டார். "இப்பல்லாம் ரொம்பத் தெளிவா பேசறீங்க சார்" என்று பாராட்டு வேறு. போன வருஷமும் இதையேதான் சொன்னேன், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில். அப்போது பாதியில் வெட்டிவிட்டு அடுத்தவரைப் பேசச் சொன்னார். இளைத்தது வயிறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 2

சித்தி வந்திருந்தார். "என்னடா, முகமே வத்திப்போச்சு? சுகர் கிகர் இருக்கான்னு பார்த்தியா?" பார்க்கும்போதெல்லாம் "உடம்பைக் குறைடா" என்று சொன்ன அதே சித்திதான். சமையலறையில் என் மனைவியிடம் ரகசியமாக, "ஒண்ணும் பெருசா இல்லையே, மறைக்காம சொல்லும்மா" என்று கேட்டாராம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் மாறாத சிலரில் சித்தி ஒருவர் என்பதையும் குறித்து வைக்கிறேன். அப்போதும் கவலைப்பட்டார், இப்போதும் கவலைப்படுகிறார்.

மார்ச் 15

குளிர் தாங்கவில்லை. மர நாற்காலியில் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது. மூன்றாம் மாதத்தில் கொட்ட ஆரம்பித்த முடி ஒருவழியாக நின்றுவிட்டது. பிரஷர் மாத்திரை பாதியாகிவிட்டது, குறட்டைக்கு மாட்டிக்கொண்டிருந்த மெஷினும் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். சட்டைக்குள்ளே தொங்கும் தோலை மட்டும் யாரும் பார்க்கவில்லை. "சூப்பரா இருக்கீங்க" என்பதெல்லாம் சட்டை போட்டவனுக்குச் சொல்வது.

ஏப்ரல் 6

இன்று கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

மாடிப்படியில் பழைய சகா ஒருவர் பிடித்துக்கொண்டார். "எப்படி சார்? டயட்டா, ஜிம்மா?" கண்ணெல்லாம் ஆர்வம். ஸ்லீவ் ஆபரேஷன் என்றேன். "ஓ... ஆபரேஷனா." அந்த 'ஓ'வில் பாராட்டு பாதிக்கு மேல் இறங்கிப்போனது. "நான்கூட நீங்களே குறைச்சீங்கன்னு நெனச்சேன்."

வேறு யார் குறைத்தார்களாம்? இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிற பகுதியும் அதோடு போய்விடுவதால், முதல் சில மாதம் பசி என்பதே தெரியவில்லை. அது உதவி, மறுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு வாய் அதிகமானால் நெஞ்சை அடைக்கும். பி12, இரும்பு எல்லாம் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நானே குறைத்த காலமும் உண்டு. ஒவ்வொரு முறையும் வட்டியோடு திரும்பி வந்தது. நான் மட்டும் அப்படி இல்லை. அமெரிக்க டிவியில் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு அதில் 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கிற சக்தியோ, அவர்கள் உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவு. பயிற்சியாளரும் கேமராவும் வைத்துக்கொண்டு குறைத்தவர்களுக்கே இந்த நிலை.

இதையெல்லாம் மாடிப்படியில் நின்று விளக்க முடியுமா? ஆள் எவ்வளவு அவதிப்பட்டான் என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். மூட்டு வலி தீர்ந்ததா, ராத்திரி மூச்சு முட்டாமல் தூங்குகிறேனா என்று அவர் கேட்கவே இல்லை.

மே 1

பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தால் இன்னும் முதலில் அதன் காலைத்தான் பார்க்கிறேன். குறுகலான வாசலில் பக்கவாட்டில் திரும்புகிறேன். கடையில் கை தானாகப் பெரிய அளவுச் சட்டைகளுக்கே போகிறது.

மே 20

டீ குடிக்கும் இடத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கணக்குப் பிரிவுப் பெண் கடந்து போனதும் ஒருவர் மெதுவாக, "வாயைக் கட்டினாத்தானே? நம்ம சாரைப் பாருங்க, எப்படி இருந்தவர்!" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் கட்சியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள் போல.

"நான் அப்படி இருந்தப்ப, நான் போனதும் என்ன பேசினீங்க?" என்று கேட்டேன். சண்டைக்காக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. யாரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

மாலை அதே நபர் என்னிடம் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார், நாங்க உங்களைச் சொல்லலை" என்றார். என்னைச் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

ஜூன் 8

தங்கை மகள் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டு உடனே இறங்கினாள். "மாமா, நீங்க முன்ன மாதிரி இல்ல, குத்துறீங்க." இத்தனை மாதத்தில் கேட்ட ஒரே நேர்மையான விமர்சனம்.

மனைவிக்கு வேறு குறை. "யார் யாரோ உங்களை இப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரி பேசறாங்க. எனக்கு எரிச்சலா வருது." எனக்கும்தான் வருகிறது, ஆனால் அவள் சொல்லிக் கேட்கும்போது சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஜூன் 30

88. பதறிப்போய் டாக்டருக்குப் போன் செய்தேன். எடை அடிமட்டத்தைத் தொட்ட பிறகு கொஞ்சம் ஏறுவது சகஜம், பயப்பட வேண்டாம் என்றார். எனக்குச் சர்க்கரையைப் பற்றியோ முழங்காலைப் பற்றியோ பயம் வரவில்லை. மீட்டிங்கில் மறுபடி பாதியில் வெட்டுவார்களோ என்றுதான் முதலில் ஓடியது. கிடைத்த மரியாதையெல்லாம் திருப்பிக் கேட்கக்கூடிய கடன் என்று தெரிந்துவிட்டால், அதை எப்படி அனுபவிப்பது? சிரித்துப் பேசுகிறவர்களிடம் நானும் சிரித்துத்தான் பேசுகிறேன். நம்புவது வேறு விஷயம்.

ஜூலை 12

பக்கத்துப் பிரிவுத் தம்பி தயங்கித் தயங்கி வந்தான். என் பழைய உடம்பு அளவு இருப்பான். "அண்ணா, ஆபரேஷனைப் பத்திக் கேக்கணும்." கதவைச் சாத்திவிட்டுப் பேசினோம். முடி, தோல், மாத்திரை, வாழ்நாள் ரத்தப் பரிசோதனை, மறுபடி ஏறுவதற்கும் வாய்ப்பு உண்டு என்பது, எதையும் மறைக்கவில்லை. எல்லாம் போனில் குறித்துக்கொண்டான். அப்புறம், "ஆபீஸ்ல சொல்லணுமாண்ணா?" என்றான். அது உன் இஷ்டம், நான் சொன்னேன், சொன்னதற்கு என்ன கிடைத்தது என்றும் சொல்கிறேன் என்று அந்த 'ஓ'வை நடித்துக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தான்.

வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறானாம். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்றான். நானும் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.