எண்ணிட்டு வை

வங்கியில் கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்த புதிதில், பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. என்னிடம் பணக்கட்டு நீட்டும்போதெல்லாம், "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் தம்பி, எண்ணிக்கோ" என்பார். எனக்கு அது கஞ்சத்தனமாகத்தான் பட்டது. ஆற்றோடு போகிற பொருளுக்கு அளவு எதற்கு? பள்ளியில் படித்த கொன்றை வேந்தன் வேறு 'குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை' என்கிறது. கொடுத்தவர் கண்ணெதிரே எண்ணினால் அவரைச் சந்தேகப்படுவது போல் ஆகாதா?

அவர் ஓய்வு பெற்றார். அந்த இருக்கைக்கு என் வயதுக்காரன் ஒருவன் வந்தான், நல்ல சிநேகிதம். ஒரு மாத முதல் தேதி, பென்ஷன் கூட்டம். அவன் தந்த ஐந்நூறு ரூபாய்க் கட்டை எண்ணாமல் டிராயரில் போட்டேன். சாயங்காலம் கணக்கு முடிக்கையில் 2,000 ரூபாய் குறைந்தது. 100 இருக்கவேண்டிய கட்டில் 96 இருந்ததா, நான்தான் யாருக்காவது நாலு நோட்டு கூடுதலாகக் கொடுத்தேனா, இன்றுவரை தெரியாது. பணத்தை நான் கட்டினேன். அது கூடப் பரவாயில்லை. மறுநாள் டீக்கு அவன் என்னைக் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. எண்ணியிருந்தால் இந்த முகத்திருப்பல் வந்திருக்காது. சுற்றம் வேண்டும் என்பவன்தான் முதலில் அளக்கவேண்டும் போலிருக்கிறது.

அப்புறம் நகைக்கடன் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு பாட்டி, மகனோடு வந்தார். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டுப் பார்த்து, தராசில் வைத்தார். "பதக்கத்துக் கல்லுக்கு எவ்வளவு கழிச்சீங்க?" என்று கேட்டார் பாட்டி. சொன்னதும், "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார். விண்ணப்பத்தை மகன் பக்கம் நகர்த்தினேன்.

"கடன் எம் பேர்லயே இருக்கட்டும் சார்."

பையன் முகம் சுருங்கிவிட்டது. பாட்டி அதைப் பார்க்காமல் இல்லை. "தாயும் புள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறதானே சார்" என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். இதே பழமொழியைச் சொத்துத் தகராறுகளில் எரிச்சலோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாட்டி சொன்னதில் அந்தக் கசப்பு துளியும் இல்லை.

பணம் கைக்கு வந்ததும் விரலில் எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார். அப்படியே மொத்தத்தையும் மகனிடம் நீட்டினார். அத்தனையும் அவனுக்குத்தானாம். அவன் வாங்கிச் சட்டைப்பையில் திணிக்கப் போனான்.

"எண்ணிட்டு வைடா" என்றார்.