பால் நிறத்தோடு நிறுத்தாதீர்கள்

சுண்ணாம்பு நீருக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் பால் போல மாறும். இதை எழுதினால் மார்க் கிடைத்துவிடும், நாமும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். எனக்கு ஆதங்கம் இந்த இடத்தில்தான். இன்னும் கொஞ்ச நேரம் விடாமல் ஊதினால், வெள்ளையாகிப்போன அந்தத் தண்ணீர் மறுபடியும் தெளிந்துவிடும். காற்றில் கூடிய கார்பன் டை ஆக்சைடு கரைந்து கடலின் காரத்தன்மை குறைகிறதே, அந்தக் கடல் அமிலமயமாதலை, யாரும் செய்யாமல் விடுகிற இந்த இரண்டாவது பாதியில்தான் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும்.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் கொஞ்சம் பேர் தேரிக்காட்டு ஊர்ப் பிள்ளைகள், கொஞ்சம் பேர் உவரி, கூடுதாழை, கூட்டப்பனை என்று கடற்கரையிலிருந்து வருகிறவர்கள். பனையேறுகிற வீட்டுப் பிள்ளைக்குச் சுண்ணாம்பைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. கலயத்துக்குள்ளே சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் பதநீர் கிடைக்காது, விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். புளிப்பு ஏறுவதைச் சுண்ணாம்பு தடுக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்குப் பாடம் படிக்கும் முன்பே தெரியும். கடற்கரைப் பிள்ளைக்கோ சிப்பியையும் கிளிஞ்சலையும் காளவாசலில் போட்டுச் சுட்டால்தான் அந்தச் சுண்ணாம்பு வரும் என்பது தெரியும். சிப்பி, சுண்ணாம்பு, புளிப்பு என்று மூன்றும் கையில் இருக்கிறது. அப்புறம் எதற்குக் கடல் அமிலமயமாதல் என்று கரும்பலகையில் எழுதி, நான்கு வரி விளக்கம் கொடுத்து, மனப்பாடம் பண்ணச் சொல்லவேண்டும்?

நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். வெற்றிலைக்குப் போடுகிற வெள்ளைச் சுண்ணாம்பை (கலர் போட்டது வேண்டாம்) தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி அசையாமல் வைத்துவிட்டு, காலையில் மேலே தெளிந்து நிற்பதை மட்டும் வடித்துக்கொள்ளவேண்டும். சுட்ட கல்சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது, தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். வடித்த நீரை அப்படியே பயன்படுத்தினால் நாம் ஊதுகிற மூச்சுக்கு அது மறுபடி தெளியாது, சுண்ணாம்பு அவ்வளவு இருக்கிறது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு கேன் தண்ணீர் சேர்த்து நீர்க்கவைத்துவிட்டால் சரியாக வரும். போர் தண்ணீர் சேர்க்கவேண்டாம், உப்பு கூடின தண்ணீர் முதலிலேயே கலங்கிவிடும். ஸ்ட்ராவின் மேல்பக்கம் குண்டூசியால் ஓர் ஓட்டை போட்டுவிடுங்கள், பழக்க தோஷத்தில் யாராவது உறிஞ்சினாலும் வாய்க்குள் வராது.

ஊத ஆரம்பித்ததும் மெல்லிசாக வெள்ளை படரும். அதுதான் கால்சியம் கார்பனேட். சிப்பி ஓடு, சங்கு, பவளப்பாறை எல்லாம் எதனால் ஆனதோ அதே பொருள். நம் மூச்சிலிருந்த கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கண்முன்னாலேயே ஓட்டுப்பொருள் உருவாகிறது என்று சொல்லும்போது பிள்ளைகள் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அவர்களை மாற்றி மாற்றி ஊதச் சொல்லுங்கள். இதற்குப் பொறுமை வேண்டும். மெதுமெதுவாக வெள்ளை குறைந்து, டம்ளருக்குப் பின்னால் பிடித்திருக்கிற விரல் தெரிய ஆரம்பிக்கும். ஓட்டுப்பொருளை உண்டாக்கிய அதே வாயு, அளவு கூடியதும் அதைக் கரைத்துவிட்டது. ஊதி ஊதிக் களைத்துப்போனால், வெள்ளையாக இருக்கிற இன்னொரு டம்ளரில் பெட்டிக்கடையில் வாங்கின சாதா சோடாவை அரை டம்ளர் ஊற்றுங்கள், நொடியில் தெளிந்துவிடும். சோடா என்பதே கார்பன் டை ஆக்சைடை அழுத்தி ஏற்றின தண்ணீர்தானே. அந்த நிமிடத்தில் வகுப்பு கப்சிப் என்றாகிவிடும், அதற்கப்புறம் கேள்வி மேல் கேள்வியாக வரும்.

"அப்ப கடல் தண்ணியும் புளிச்சிருமா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். இந்தக் கேள்வி வரவேண்டும், வரவில்லையென்றால் நாமே கேட்டுவிடவேண்டும். புளிக்காது. கடல் அன்றும் காரத்தன்மை உள்ளதுதான், இன்றும் அப்படித்தான், இந்த நூற்றாண்டு முடியும்போதும் அப்படித்தான் இருக்கும். தொழிற்புரட்சிக்கு முன்னால் மேல்கடலின் பி.எச் (அமிலமா காரமா என்று காட்டுகிற அளவு; ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 8.2 இருந்தது, இப்போது 8.1 பக்கம் வந்திருக்கிறது. நாம் இதே வேகத்தில் எரித்துக்கொண்டே போனால் 2100 வாக்கில் 7.8 வரைக்கும் இறங்கலாம் என்கிறார்கள். ஏழுக்குக் கீழே எங்கும் போகவில்லை. அதனால்தான் சிப்பியை வினிகரில் போட்டு நுரை பொங்குவதைக் காட்டிவிட்டு, "பாருங்கள், கடலில் இப்படித்தான் நடக்கிறது" என்று முடிக்கிற முறை எனக்குப் பிடிக்காது. வினிகரின் பி.எச் இரண்டரைக்குப் பக்கம். அமிலத்தன்மையைத் தருகிற ஹைட்ரஜன் அயனிக் கணக்கில் பார்த்தால் கடல் தண்ணீரைவிடச் சுமார் நான்கு லட்சம் மடங்கு. பிள்ளை அதைப் பார்த்துவிட்டு உவரிக் கடற்கரைக்குப் போய்க் காலை நனைத்தால், கால் ஒன்றும் ஆகவில்லையே, டீச்சர் சொன்னது பொய்யா என்றுதானே நினைக்கும்?

சரி, 8.2 எங்கே, 8.1 எங்கே, இதற்கா இவ்வளவு பேச்சு? பி.எச் என்பது மடக்கைக் கணக்கு, ஒரு எண் இறங்கினால் பத்து மடங்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளையே கால்குலேட்டரில் பத்தின் அடுக்கு 0.1 என்று தட்டிப் பார்த்தால் 1.26 வரும். ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கும் மேலே கூடியிருக்கிறது. இதை நான் சொல்வதில்லை, அவர்களையே தட்டிப் பார்க்கச் சொல்வேன்.

கூடின அந்த அயனி என்ன செய்கிறது என்பதுதான் பாடத்தின் உயிர். காற்றிலிருக்கிற கார்பன் டை ஆக்சைடு தொழிற்புரட்சிக்கு முன்னால் 280 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 280 பங்கு) இருந்தது, 1958-ல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்க ஆரம்பித்தபோது 315, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளிவிடுவதில் ஏறக்குறைய கால்வாசியைக் கடல் வாங்கிக்கொள்கிறது. தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அந்த அயனி நேராகப் போய்க் கார்பனேட்டோடு ஒட்டிக்கொண்டு பைகார்பனேட் ஆகிவிடுகிறது. ஓடு கட்டுகிற உயிருக்குக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். கால்சியத்துக்குக் கடலில் பஞ்சமே இல்லை. மணலும் ஜல்லியும் வாசலில் குவிந்து கிடக்க, சிமெண்ட் மூட்டையை மட்டும் யாரோ தூக்கிக்கொண்டு போனால் கொத்தனார் எப்படி வேலை பார்ப்பார்? சிப்பியின் பாடு அதுதான்.

மன்னார் வளைகுடா மாதிரி வெப்பக்கடலின் மேல்தண்ணீர் இன்றும் சிப்பியைக் கரைக்கிற நிலைக்கு வரவில்லை, இதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். கார்பனேட் இன்னும் இருக்கிறது, குறைந்துகொண்டு வருகிறது. ஓடு கட்டுவதற்கு அதிக சக்தி செலவாகிறது, அந்தச் செலவு வளர்ச்சியிலும் இனப்பெருக்கத்திலும் கை வைக்கிறது. பெரிய சிப்பி சமாளித்துவிடும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுதான் பாவம். பிறந்து ஒன்றிரண்டு நாளுக்குள், தாய் முட்டையில் வைத்துவிட்ட சத்தை மட்டும் நம்பி முதல் ஓட்டைக் கட்டி முடிக்கவேண்டும், முடியவில்லையென்றால் சாகவேண்டியதுதான். அமெரிக்காவில் ஓரிகன் கரைப் பக்கம் 2007 வாக்கில் சிப்பிக்குஞ்சுப் பண்ணைகளில் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. முதலில் கிருமி என்றுதான் நினைத்தார்கள். அப்புறம் பார்த்தால், காற்று வீசும்போது அடிக்கடலிலிருந்து மேலே வருகிற கார்பன் டை ஆக்சைடு மிகுந்த தண்ணீர்தான் காரணம். இப்போது தண்ணீரை அளந்து பார்த்து, சோடியம் கார்பனேட் சேர்த்துத்தான் தொட்டிக்குள் விடுகிறார்கள். பண்ணையில் இதைச் செய்யலாம், கடலில் யார் செய்வது?

நம் பக்கமும் ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது குமரிமுனையை ஒட்டி அடிக்கடல் தண்ணீர் மேலே வருகிறது. கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் சில்லென்று ஆகிற அந்த நாட்கள் தெரியும். "எங்க தாத்தா சொல்லுவாவ டீச்சர், கடல் குளுந்தா மீன் இடம் மாறும்னு" என்று ஒருவன் சொன்னான். அப்படிக் குளிர்ந்து வருகிற தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகவும் பி.எச் குறைவாகவும் இருக்கும் என்று அதோடு சேர்த்துச் சொன்னேன், டக்கென்று பிடித்துக்கொண்டான்.

முத்துச்சிப்பியைக் கட்டாயம் காட்டவேண்டும். முத்துக்குப் பேர்போன கொற்கையும் தூத்துக்குடியும் 1986 வரைக்கும் நம் திருநெல்வேலி மாவட்டம்தானே. சிப்பியின் வெளி அடுக்கு கால்சைட், உள்ளே பளபளக்கிற அடுக்கு அரகோனைட். இரண்டும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் அரகோனைட் சுலபமாகக் கரையும். முத்தும் அரகோனைட், பவளமும் அரகோனைட். ஓர் உடைந்த சிப்பியின் விளிம்பை லென்ஸில் பார்த்தால் வெளியே தூண் தூணாக நிற்பதும் உள்ளே தாள் தாளாக அடுக்கியிருப்பதும் தெரியும். இதைப் பார்த்த பிள்ளை அப்புறம் அரகோனைட் என்ற பெயரை மறக்காது.

ஆனால் எல்லாப் பழியையும் அமிலமயமாதலின் தலையில் போட்டுவிடக்கூடாது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-க்கு அப்புறம் நின்றுபோனது, அதற்கு இதைக் காரணம் காட்ட முடியாது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்தது தண்ணீர் சூடேறியதால். தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கென்று வெட்டி எடுத்தது நம் ஆட்கள். சூட்டிலும் வெட்டிலும் அடிபட்ட பவளம் மறுபடி வளர்ந்து மேலே வருவதற்குக் கார்பனேட் வேண்டுமே, அங்கேதான் அமிலமயமாதல் குறுக்கே நிற்கிறது. எல்லா உயிருக்கும் கேடு என்றும் சொல்ல முடியாது. இத்தாலியில் இஸ்கியா தீவின் பக்கம் கடலடியிலிருந்து இயற்கையாகவே கார்பன் டை ஆக்சைடு குமிழ் விடுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே ஓட்டு உயிர்கள் குறைந்து, கடல்புல் செழிப்பாக வளர்கிறது. கடல்பசு மேய்கிற புல்லுக்கு ஆதாயம், சங்குக்கு நட்டம்.

போன முறை பாடம் எடுத்தபோது ஒரு பையன் எழுந்து, "டைனோசர் காலத்துல காத்துல இதைவிட ஜாஸ்தி கார்பன் டை ஆக்சைடு இருந்துச்சாம்லா டீச்சர், அப்ப மட்டும் சிப்பி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாயு மெதுவாக, லட்சக்கணக்கான ஆண்டுகளில் கூடினால், மழை பாறையை அரித்து, காரத்தன்மையை ஆற்றோடு கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து ஈடுகட்டிவிடும். தாமிரபரணி புன்னைக்காயலில் போய்ச் சேர்கிறபோது அந்த வேலையைத்தான் கொஞ்சம் செய்கிறது. ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும், நாமோ 250 ஆண்டுக்குள் எரித்துக் கொட்டிவிட்டோம். சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஒருமுறை வேகமாகக் கூடியபோது ஆழ்கடல் தரையிலிருந்த வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு கரைந்து, செந்நிறக் களிமண் மட்டும் மிஞ்சியது. துளையிட்டு எடுத்த மண்ணில் அந்தச் சிவப்புப் பட்டை இன்றும் தெரிகிறது. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுக்கும் மேல் பிடித்தது. அன்றைக்குக் கூடிய வேகத்தைவிட இன்றைய வேகம் அதிகம்.

எனக்கு மனசு கனப்பது ஒரு விஷயத்தில்தான். இந்தப் பிள்ளைகளின் வீட்டில் எரித்தது எவ்வளவு இருக்கும்? ஒரு பைபர் படகுக்கு டீசலும் மண்ணெண்ணெயும், வீட்டில் நான்கு பல்பு. கணக்கு மட்டும் அவர்கள் கடலில் ஏறுகிறது. இதை நான் வகுப்பில் சொல்லத்தான் செய்கிறேன்.

கடைசியாக, கடற்கரைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு விஷயம். பேனா மாதிரி இருக்கிற விலை குறைந்த பி.எச் மீட்டரை வாங்கி, "கடல் அமிலமாவதை அளக்கிறோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அதன் பிழையே 0.1 இருக்கும், 250 ஆண்டு மாற்றமும் 0.1 தான். அதற்குப் பதிலாக, உவரி, இடிந்தகரைப் பக்கம் பாறை இடுக்கில் வற்றுநேரத்தில் தேங்கி நிற்கிற தண்ணீரை விடியற்காலையிலும் மதியம் மூன்று மணிக்கும் அளக்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க பாசியும் பூச்சியும் மூச்சுவிட்டதால் காலையில் குறைவாக இருக்கும், வெயிலில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் மதியம் ஏறியிருக்கும். அந்த வித்தியாசம் இந்த மீட்டரிலேயே நன்றாகத் தெரியும். அளப்பதற்கு முன்னால் பி.எச் 7, 10 பஃபரில் (பி.எச் முன்பே தெரிந்த கரைசலில்) மீட்டரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைப் பள்ளிக்குக் கொண்டுவருவதாக இருந்தால் பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி, காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் மூடி, நிழலில் கொண்டுவந்து அன்றைக்கே அளந்துவிடவேண்டும்.