கம்பத்தில் ஏறிய பையன்

இன்று காலை எங்கள் தெரு கரண்ட் கம்பத்தில் இருபது வயசுகூட இருக்காது, ஒரு பையன் இன்டர்நெட் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தான். காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் பெல்ட் இல்லை, கையுறை இல்லை, தலைக்கு மேல் கையெட்டும் தூரத்தில் கரண்ட் ஓடும் லைன்.

"லைன் ஆஃப் பண்ணியாச்சா தம்பி?"

"கேபிளுக்கெல்லாம் ஆஃப் பண்ண மாட்டாங்கண்ணே, பாத்து ஏறிக்குவோம்."

கம்பம் மின்வாரியத்துடையது, கேபிள் ஒரு கம்பெனியுடையது, வேலையை எடுத்தவர் ஒரு கான்ட்ராக்டர், அவரிடமிருந்து சப் கான்ட்ராக்ட் எடுத்தவர் இன்னொருத்தர், கடைசியில் ஏறுவது தினக்கூலிக்கு வந்த இவன்.

லைனில் வேலை என்றால் முறைப்படி எல்.சி. (லைன் கிளியர், அதாவது வேலை செய்ய மின்வாரியம் தரும் அனுமதி) வாங்கி, சப்ளையை நிறுத்தி, லைனை எர்த் பண்ணிய, அதாவது கம்பியைத் தரையோடு இணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். நிறுத்திய லைனுக்கு எர்த் எதற்கு என்று கேட்பார்கள். வீட்டை லைனிலிருந்து பிரித்துவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டால் போதும், கரண்ட் பின்வழியாக லைனுக்கு வந்துவிடும், டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினால் அந்தப் பக்கம் 11,000 வோல்ட் வரைகூட ஏறும். கேபிள்காரப் பையனுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கான்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டால் வேலையைக் கான்ட்ராக்ட் விட்ட முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம் என்று 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள், வெள்ளைக்காரன் காலத்திலேயே!

சரி என்று கம்பெனிக்கு போன் போட்டேன். "அது கான்ட்ராக்டர் ஆளுங்க சார்." கான்ட்ராக்டரோ, "நீங்க யாரு சார்?" என்கிறார்.

அதற்குள் பையன் அடுத்த கம்பத்தில் ஏறியிருந்தான்.