நாடி துடித்தாலும் விரலை நீட்டிப் பார்

மாங்காய்க் காலம் தொடங்கினால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் எலும்பு வாட்டுக்கு முழங்கை வீங்கிய பிள்ளைகள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் 5 முதல் 7 வயது. மரத்திலிருந்து விழும்போது கையை நீட்டி ஊன்றியிருக்கும். இன்று ஏதேதோ தேசங்களில் வைத்தியர்களாக வேலைசெய்யும் நம்மில் பலர் சுப்ராகொண்டைலர் முறிவை, அதாவது முழங்கைக்குச் சற்று மேலே மேற்கை எலும்பு முறிவதை, கற்றது அந்தக் கட்டிலடியில்தான்.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்க்கமுன் விரல்களைப் பார் என்பதே அங்கே முதற்பாடம். அழுகிற பிள்ளையிடம் நரம்புப் பரிசோதனை என்று போனால் கையைத் தரமாட்டாது. விளையாட்டாகக் கேட்டால் செய்யும். கைக்குப் போகும் நரம்புகள் மூன்று: கல்லென்று விரல்களை மடக்கினால் மீடியன் வேலைசெய்கிறது, தாளென்று விரித்தால் ரேடியல், கத்தரியென்று இரு விரலை அகற்றினால் அல்னர். பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் தொட்டு வட்டம் போடச் சொல்வது கடைசி. வட்டம் வராமல் விரல்கள் தட்டையாக ஒட்டினால், மீடியனின் முன்புற இன்டெரோசியஸ் கிளை அடிபட்டிருக்கிறது. இந்த முறிவில் அடிக்கடி அகப்படுவது அதுதான். அந்தக் கிளை தோலுக்கு உணர்ச்சி கொடுப்பதில்லை; தொட்டுப் பார்த்து மட்டும் எழுதினால் தவறிவிடும். எலும்பை நேராக்கமுன் இதெல்லாம் கட்டில் துண்டில், அதாவது நோயாளியின் வாட்டுக் குறிப்பில், ஏறவேண்டும். பிறகு எழுதினால், நரம்பு விழுந்ததில் போனதா, நம் கையால் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது.

நாடி இல்லை, ஆனால் கை இளஞ்சிவப்பாக, சூடாக இருக்கிறதென்றால் பெரும்பாலும் எலும்பைச் சேர்த்ததும் நாடி திரும்பும். கை வெளுத்துக் குளிர்ந்திருந்தால் உடனே சத்திரசிகிச்சைத் தியேட்டர். எதுவானாலும் வீங்கிய முழங்கையை 90 பாகைக்கு மேல் மடித்துக் கட்டக்கூடாது; மடிக்க மடிக்க இரத்தநாளம் நெரியும். தியேட்டர் கிடைக்கும்வரை 20 முதல் 40 பாகை வளைவில் பாக்ஸ்லாப், அதாவது கையின் பின்பக்கம் மட்டும் வைக்கும் பிளாஸ்டர் பட்டை, போதும்.

எக்ஸ்ரேயில் முறிவு தெரியாவிட்டாலும் முழங்கைக்குப் பின்னால் கறுப்பாய்க் கொழுப்பு நிழல் தெரிந்தால் முறிவென்றே நடத்து. பக்கப் படத்தில் மேற்கை எலும்பின் முன்விளிம்பில் கோடு கீறினால் அது கபிடெல்லத்தை, அந்த எலும்பின் கீழ்நுனியில் உள்ள உருண்டைப் பகுதியை, ஊடறுக்கவேண்டும். அதற்கு முன்னால் போனால் முறிந்த கீழ்த்துண்டு பின்னால் சரிந்திருக்கிறது.

ஆனால் கையைக் கெடுப்பது பெரும்பாலும் முறிவல்ல, கட்டு. பிளாஸ்டரை இளஞ்சூட்டு நீரில், குமிழி நிற்கும்வரை வைத்து எடு. கொதிநீர் பிடித்தால் விரைவாக இறுகும், தோலும் சுடும். உள்ளங்கையால் தடவு; விரல் நுனி பதிந்த பள்ளம் உள்ளே புண்ணாகும். இரவில் பிள்ளை அமைதியில்லாமல் புரண்டு, வலிமருந்து மேலும் மேலும் கேட்டால் கொம்பார்ட்மென்ட் சின்ட்ரோம் என்று நினை; தசை உறைக்குள் அழுத்தம் ஏறி இரத்தம் தடைப்படுவது அது. மெல்ல ஒரு விரலை நீட்டிப் பார். முன்கையில் வலித்துக் கத்தினால் நாடி துடிக்கிறதென்று ஆறுதல்படாதே. நாடி மறைவது கடைசியில்தான். சுமார் 6 மணித்தியாலம் இரத்தம் போகாவிட்டால் தசை மீளாது. மிஞ்சுவது வோல்க்மன் சுருக்கம்: தசை செத்துச் சுருங்கி விரல்கள் வளைந்தே நிற்கும். கட்டைத் தோல்வரை வெட்டு. பிளாஸ்டரைப் பிளந்து பஞ்சை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. இரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சும் பிளாஸ்டரைப் போலவே இறுக்கும். கையை நெஞ்சுமட்டத்தில் வை, மேலே தூக்கிக் கட்டாதே. வலி அடங்காவிட்டால் பாஷியோட்டமி, அதாவது தசை உறையை வெட்டித் திறப்பது, காலைவரை காத்திராமல்.

முறிவு வைத்தியரிடம் சிம்பு வைத்துக் கட்டி, இரண்டு மூன்று நாள் கழித்து வருகிறவர்களும் உண்டு. முதலில் கட்டை அவிழ். தாயை ஏசாதே. ஏச்சு வாங்கியவள் அடுத்த முறை இன்னும் பிந்தித்தான் வருவாள்.

அறுவடைக் காலத்து உழவு இயந்திரக் காயங்கள் வேறு கதை: வயல்மண் ஏறிய திறந்த முறிவுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக், டெட்டனஸ் ஊசி, சேலைன் நனைத்த துணி, பிறகு தியேட்டர். வாட்டில் காயத்தைக் கிளறவேண்டாம்.

வீடு போகும் பிள்ளையின் தாயிடம் சொல்லவேண்டியது: விரல் வீங்கினால், நீலித்தால், பிள்ளை தூங்காமல் அழுதால், கிளினிக் நாளைப் பார்க்காமல் அந்த நேரமே வாங்கம்மா. வீடு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், இரவில் பஸ் இல்லாத ஊரென்றால் அன்றிரவு பிள்ளையை வாட்டிலேயே வைத்திரு.