ஆர்கன் இசையை கேட்டு படிக்கிறவங்களுக்கு: நான் படிச்ச விதம்

வெஸ்டர்ன் மியூசிக் ஹிஸ்டரி பேப்பருக்கு படிக்கிறவங்க நிறைய பேர் ஆர்கன் (சர்ச்ல இருக்கற, பைப்ல காத்து போய் ஒலிக்கிற பெரிய கீபோர்டு வாத்தியம்) பகுதியை கடைசி வாரத்துக்கு தள்ளிடறாங்க, பேரையும் வருஷத்தையும் மனப்பாடம் பண்ணிட்டு போயிடறாங்க, லிஸனிங் டெஸ்ட்ல ஒரு நிமிஷம் ஆடியோ போட்டு இது எந்த காலம், யாரோட ஸ்டைல்னு கேட்டா அப்படியே முழிக்கறாங்க. எனக்கு அந்த பகுதிதான் ரொம்ப பிடிச்சுப்போச்சு, எக்ஸாம் முடிஞ்சும் விடாம கேட்டுட்டு இருக்கேன்.

பியானோ ரெக்கார்டிங்னா யார் வாசிச்சாங்கன்னு பார்த்தா போதும். ஆர்கனுக்கு அது பத்தாது. எந்த சர்ச், யார் கட்டின ஆர்கன், எந்த வருஷம், இதையும் சேர்த்து பாருங்க. ஒவ்வொரு பெரிய ஆர்கனும் அந்தந்த கட்டடத்துக்குன்னே செஞ்சது, கம்போஸரும் தான் தினம் வாசிச்ச ஆர்கனோட சத்தத்தை மனசுல வெச்சுதான் எழுதியிருப்பார். நோட்ல கம்போஸர் பேருக்கு பக்கத்துலயே இதையும் எழுதி வெச்சுக்கோங்க, ஸ்டைல் தானா பிடிபடும்.

ஜெர்மன் கம்போஸர் ஜே.எஸ். பாக்ல ஆரம்பிக்கலாம். எல்லாரும் டி மைனர் டொக்காட்டா (விரல் வேகத்தை காட்டுற பீஸ்) சொல்வாங்க, நான் சி மைனர் பஸகாலியாவைதான் (ஒரே தீம் திரும்ப திரும்ப வர, அது மேல வேரியேஷன் போற வடிவம்) சொல்வேன், பாக் படைப்புகளோட பட்டியல்ல பிடபிள்யூவி 582. முதல்ல காலால வாசிக்கிற பெடல்ல மட்டும் தனியா 8 பார் (தாளச் சுத்து) தீம் வரும், வேற ஒண்ணுமே இருக்காது. அந்த 8 பாரை பாட வர்ற அளவுக்கு திரும்ப திரும்ப கேளுங்க. அதுக்கப்புறம் அதே தீம் மேல 20 வேரியேஷன். நடுவுல தீம் பெடலை விட்டுட்டு மேல் குரலுக்கு, அதாவது கையால வாசிக்கிற மேல் மெலடி வரிக்கு போயிடும், பெடலே இல்லாம கொஞ்ச நேரம் லேசா போகும், திரும்ப அது கீழ வந்து இறங்குற இடம் இருக்கே, அங்க எனக்கு இப்பவும் சிலிர்க்கும். கடைசில ஃப்யூக், அதாவது ஒரே தீமை ஒவ்வொரு குரலா மாத்தி மாத்தி எடுத்துக்கிற வடிவம். ஸ்கோர் ஐஎம்எஸ்எல்பிங்கற வெப்சைட்ல ஃப்ரீயா இருக்கு, கையில வெச்சுட்டே கேளுங்க.

தயவுசெஞ்சு ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்காதீங்க. 16 அடி ஸ்டாப்போட (ஸ்டாப்னா ஒரே மாதிரி சத்தம் தர்ற பைப்களோட செட், 16 அடிங்கறது அதுல நீளமான பைப்போட அளவு) கீழ் சி கிட்டத்தட்ட 32 ஹெர்ட்ஸ், ஃபோன்ல அது வரவே வராது, அந்த தீமோட அடித்தளமே போயிடும். நல்ல ஹெட்ஃபோன் கட்டாயம்.

யாரோட ரெக்கார்டிங்னு கேட்டா முதல்ல ஜெர்மன் ஆர்கனிஸ்ட் ஹெல்முட் வால்ஹா. 19 வயசுக்குள்ள முழுசா பார்வை போனவர், ஒவ்வொரு குரலையும் தனித்தனியா வாசிக்க சொல்லி கேட்டு மனசுல ஏத்திக்கிட்டவர். அதனாலயோ என்னவோ அவர் வாசிச்சா எந்த குரலும் இன்னொண்ணுக்குள்ள மறையாது, ஃப்யூக் படிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. நெதர்லாந்துல ஆல்க்மார் சர்ச்ல அவர் பண்ண ரெக்கார்டிங் எல்லாம் தேடி கேளுங்க. அப்புறம் பிரெஞ்சு ஆர்கனிஸ்ட் மரி-கிளேர் அலேன், பாக் முழுசையும் மூணு தடவை ரெக்கார்ட் பண்ணவங்க, ஒரே பீஸை அவங்களோட ரெண்டு செட்ல கேட்டாலே ஆர்கன் மாறினா என்னெல்லாம் மாறுதுன்னு காதுக்கு தெரிஞ்சுடும்.

பாக்குக்கு முன்னாடி யாருன்னா ல்யூபெக்ல ஆர்கனிஸ்டா இருந்த கம்போஸர் புக்ஸ்டஹூடே. 1705ல பாக் ஆர்ன்ஸ்டாட்லேர்ந்து ல்யூபெக்குக்கு கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் நடந்தே போனது இவரை கேட்கத்தான். இவரோட டி மைனர் பஸகாலியாவை பாக்கோடதுக்கு அடுத்து கேட்டா ஒரு கம்பேரிசன் ஆன்சருக்கு தேவையானது கிடைச்சுடும்.

அடுத்து நேரா 19ஆம் நூற்றாண்டு பிரான்ஸ். இங்க கவாயே-கோல்ங்கற ஆர்கன் பில்டர் பேர் தெரியாம ஃப்ராங்க், விடோர்னு அந்த காலத்து கம்போஸர்கள் யாரையும் பத்தி எழுத முடியாது. ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா மாதிரி சத்தம் மெதுவா ஏறி இறங்குற ஆர்கனை அவர் செஞ்சு கொடுத்தார், அந்த ஆர்கனுக்காகத்தான் இவங்க எழுதினாங்க. முதல்ல கேட்க, ஃப்ராங்கோட மூணு கோரல்ங்கற ஆர்கன் பீஸ்கள், 1890, அவர் இறந்த வருஷம். அவர் வாசிச்ச பாரிஸ் செயின்ட் க்ளோடில்ட் சர்ச் ஆர்கனை பின்னாடி ரொம்ப மாத்திட்டாங்க, அதனால கவாயே-கோல் கட்டின ரூவான் செயின்ட் உவான் சர்ச் இல்லைன்னா துலூஸ் செயின்ட் செர்னான் சர்ச் ஆர்கன்ல வாசிச்சதா பார்த்து எடுங்க.

விடோரோட டொக்காட்டாவை இப்ப நிறைய பேர் ரேஸ் மாதிரி ஓட்டறாங்க. 1932ல, 88 வயசுல, பாரிஸ் செயின்ட் சுல்பீஸ் சர்ச்ல அவரே வாசிச்ச ரெக்கார்டிங் இருக்கு, இரைச்சலோடதான் இருக்கும், ஆனா நிதானம். அவ்ளோ பெரிய சர்ச்ல எதிரொலி அடங்க நேரம் வேணும்னு அதுல நல்லாவே புரியும். டெம்போ பத்தி கேள்வி வந்தா இதை எழுதுங்க.

கடைசியா 20ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு கம்போஸர் மெசியான், 1931லேர்ந்து 1992 வரைக்கும் பாரிஸ் ட்ரினிடே சர்ச்ல ஆர்கனிஸ்ட். 1956ல தன் ஆர்கன் பீஸ்களை அதே ஆர்கன்ல அவரே ரெக்கார்ட் பண்ணியிருக்கார், அங்கேர்ந்து தொடங்குங்க. 13ஆம் நூற்றாண்டு சார்ங்கதேவரோட சங்கீத ரத்னாகரத்துல வர்ற 120 தேசி தாளத்தை ஆழமா படிச்சவர், 1935ல எழுதின நேட்டிவிடேங்கற ஆர்கன் படைப்புலயே அதோட தாக்கம் இருக்கு. தாளம் போட்டு பழகினவங்க பாரை எண்ணாம, சின்ன மாத்திரைகளை கூட்டிக்கிட்டே கேட்டு பாருங்க, ரிதம் சீக்கிரம் பிடிபடும்.