இரண்டு நானோமீட்டர் துளை

"இந்தக் கிழிசலை நைசின்தான் உண்டாக்கியது என்று எப்படிச் சொல்கிறோம், மேடம்?" என்று ஆய்வு மாணவி கேட்டபோது, அறிக்கையை அனுப்ப இரண்டு மணி நேரமே மீதமிருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில், நைசின் என்ற பாக்டீரியாக் கொல்லி சேர்த்த ஒரு ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா செல் சுருங்கி, பக்கவாட்டில் பிளந்து கிடந்தது. "நைசின் சேர்க்காத செல்கள் முழுமையாக இருக்கின்றனவே, அது போதாதா?" என்றேன். 'நைசின் உண்டாக்கிய துளைகள்' என்ற விளக்கத்துடன் படம் அறிக்கையில் ஏறியது.

நைசின் 34 அமினோ அமிலங்களாலான சிறிய பெப்டைடு. செல் சுவருக்கான கட்டுமானப் பொருளைச் சுமந்து வரும் லிப்பிட் 2 என்ற மூலக்கூறின் பைரோபாஸ்பேட் பகுதியை அது பற்றிக்கொள்கிறது. எட்டு நைசினும் நான்கு லிப்பிட் 2-உம் சேர்ந்து சவ்வில் அமைக்கும் துளையின் விட்டம் ஏறத்தாழ 2 நானோமீட்டர். படத்திலிருந்த பிளவோ 100 நானோமீட்டருக்கும் மேல். மாதிரியின்மீது நாங்கள் பூசிய தங்கப் படலமே அந்தத் துளையை மூடிவிடும் தடிமன் கொண்டது. இதையெல்லாம் வகுப்பில் நடத்தியவள் நான்தான்.

ஆனால், செல்களுக்கு நேர்ந்த சேதம் பொய்யன்று. பொட்டாசியம் அயனிகள் வெளியேறியதைத் தனியாக அளந்திருந்தோம். மேலும் ஸ்டெஃபிலோகாக்கஸில், செல்லின் சுவரை அறுக்கும் அதன் சொந்த நொதிகளையே நைசின் கட்டவிழ்த்துவிடும் என்பது தெரிந்த செய்தி. பிளவு அப்படி வந்திருந்தால், நான் செய்த பிழை 'துளை' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். இந்தச் சமாதானம் எனக்குச் சில நாள் போதுமானதாக இருந்தது.

அதன் பிறகுதான் அவளுடைய கேள்வி எனக்கு விளங்கத் தொடங்கியது. படமெடுக்கும் முன் செல்களைக் குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் நிலைப்படுத்தி, எத்தனாலில் நீரகற்றும்போது நலமான செல் தாங்கிக்கொள்ளும். சவ்வு குலைந்த செல் அந்த வேதிப்பொருள்களாலேயே பிளந்திருக்கலாம். நைசின் சேர்க்காத செல்களை எத்தனை முறை ஒப்பிட்டாலும் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. பாக்டீரியாவின் உள்ளுறுப்பு என்று ஒரு காலத்தில் பாடநூல்களில் இடம்பெற்ற மீசோசோம், வேதி நிலைப்படுத்தலால் தோன்றிய மாயை என்று 1970-களில் தெரியவந்த கதையை நாங்கள் சிரித்துக்கொண்டே படித்தவர்கள்.

வேதிப்பொருள் படாமல் விரைவாக உறையவைத்துப் பார்த்திருக்கலாம். அன்று அதற்கு நேரமில்லை, அடுத்த மாதமும் நான் அதைச் செய்யவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. தன் ஆய்வேட்டில் அதே படத்தின் கீழ், 'சவ்வுச் சிதைவுடன் ஒத்துப்போகும் தோற்றம்' என்று எழுதியிருந்தாள். நான் ஒரு திருத்தமும் சொல்லாமல் கையொப்பமிட்டேன். என் அறிக்கையில் 'துளைகள்' இன்னும் அப்படியே இருக்கின்றன.