அப்பா பேரில் ஒரு ஏரி

மழைக்காலத்தில் குமுளியில் "சாப்பிட்டாச்சா" என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "டேம்ல எத்தன அடி?" பால்காரர் கேட்பார், ஜீப் டிரைவர் கேட்பார், கீழே கம்பத்திலிருந்து கூப்பிடும் மாமா அதைக் கேட்காமல் போனை வைக்கமாட்டார். கம்பத்துக்காரர்களுக்கு அந்த எண் முதல்போக நெல். வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கு அது ராத்திரித் தூக்கம். 2014-ல் உச்ச நீதிமன்றம் முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்ன பிறகு, எங்கள் பக்கம் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கும் 142 தெரியும். செக்போஸ்ட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு, திரும்பினால் கேரளம் என்று இருக்கிற ஊரில், ஒரே தண்ணீருக்கு ஒரே தெருவில் இரண்டு விதமாகக் கவலைப்படுவோம்.

இவ்வளவு பேசுகிற அந்த ஏரிக்கு எங்கள் வீட்டில் பெயர் கிடையாது. டேம், அவ்வளவுதான். படகு விடுகிற இடம் தேக்கடி. 'பெரியார் லேக்' என்பது டூரிஸ்ட் வண்டிக்காரர்கள் சொல்வது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரில் இன்னொருவரும் இருக்கிறார் என்பதெல்லாம் நான் கனடாவுக்குப் போய்ப் படித்த பாடம்.

2013 நவம்பரில் டொரோண்டோவில் இறங்கினேன். முதல் வேலை ஸ்கார்பரோவில் ஒரு கிடங்கில், பெட்டி அடுக்குவது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருந்தது. ஆகவே கழுத்து அட்டையில் பெரிய எழுத்தில் அடித்துத் தந்தார்கள்: பெரியசாமி. ஏலக்காய்க் காட்டில் முப்பது வருடம் கணக்கெழுதிய என் அப்பா, செத்து நாலு வருடம் கழித்து என் நெஞ்சில் தொங்கிக்கொண்டு கனடாவில் வேலைக்குச் சேர்ந்தார். மேற்பார்வையாளருக்கு அது வாயில் நுழையவில்லை. மூன்றாம் நாள் நான் 'பெர்ரி' ஆனேன்.

நான் யார் என்று மற்றவர்களுக்குச் சொல்வது அதைவிடச் சிரமமாக இருந்தது. பக்கத்து அடுக்கில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், "தம்பி நீங்கள் எவடம்?" என்று கேட்டார். கேரளா என்றேன். "அப்ப மலையாளியே? தமிழ் வடிவாக் கதைக்கிறீங்கள்!" மலையாளி மளிகைக் கடையில் "நாட்டில் எவிடெயா?" என்றார்கள். குமுளி என்றதும், "ஓ, தமிழனாணல்லே" என்று மீன் பக்கம் திரும்பிவிட்டார் கடைக்காரர். நான் படித்தது இடுக்கி மாவட்டத்தில் தமிழ் மீடியம். மலையாளம் ஒரு பாடம். இதை ஒவ்வொருவரிடமும் விளக்க ஒரு மேப் வேண்டும். சில நாள் பெர்ரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவது சுலபமாக இருந்தது.

மேப் என்றதும் அந்த முதல் கோடை ஞாபகம் வருகிறது. 2014 ஜூலை. தெரிந்த குடும்பங்கள் சேர்ந்து ஏரிக்கரையில் ஒன்றுகூடல் என்றார்கள். "சிம்கோவுக்கு வந்திடுங்கோ, பத்து மணிக்கு." சரி என்று போனில் சிம்கோ என்று தட்டினேன். பின்சீட்டில் ஒரு அண்டா எலுமிச்சைச் சாதம், முன்சீட்டில் ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவி. நேர் தென்மேற்கே இரண்டு மணி நேரம் ஓட்டினேன். புகையிலைத் தோட்டம் வருகிறது, ஜின்செங் பயிருக்குப் போட்ட கறுப்புப் பந்தல் வருகிறது, ஏரியைக் காணோம். ஊர் மட்டும் வந்தது. ஊர்ப் பெயர் சிம்கோ. பெட்ரோல் பங்கில் இருந்தவரிடம் ஏரி எங்கே என்றேன். "ஈரியா? இன்னும் கொஞ்சம் தெற்கே போக வேண்டும்" என்றார். ஈரி என்பது அங்கே ஒரு ஏரியின் பெயர். நான் ஏரி ஏரி என்று கேட்க அவர் ஈரி ஈரி என்று சொல்ல, மனைவி வண்டிக்குள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிம்கோ ஏரி டொரோண்டோவுக்கு வடக்கே, ஒரு மணி நேரத் தூரத்தில், அண்டாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நாங்கள் போர்ட் டோவர் என்ற இடத்தில் ஈரிக் கரையில் உட்கார்ந்து இரண்டு பேராக ஒரு அண்டாச் சோற்றைப் பார்த்தோம்.

பிறகுதான் தெரிந்தது. ஜான் கிரேவ்ஸ் சிம்கோ என்பவர் அந்தப் பகுதிக்கு முதல் லெப்டினன்ட் கவர்னராக வந்தவர். 1793-ல் வடக்கே இருந்த பெரிய ஏரிக்குத் தன் அப்பா நினைவாகச் சிம்கோ என்று பெயர் வைத்தார். அப்பா கப்பற்படைக் கேப்டன். தெற்கே உள்ள ஊரோ இவர் பெயரில் அமைந்தது. அதாவது நான் மகனுடைய ஊருக்குப் போய் அப்பாவின் ஏரியைத் தேடியிருக்கிறேன். அப்பா பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறவனுக்கு இது நன்றாகத்தான் வேண்டும்.

அதற்கப்புறம் அந்த ஊர் ஏரிகளின் பெயர் மேல் ஒரு கண் விழுந்துவிட்டது. ஒன்டாரியோவில் மட்டும் 2,50,000-க்கு மேல் ஏரிகள். அத்தனைக்கும் புதுப்பெயர் யோசிக்க யாரால் முடியும்? நீள ஏரி, சேற்று ஏரி என்று ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். நம் பக்கம் பெரியகுளமும் புதுக்குளமும் இல்லையா, அதுபோல. மானிடோபாவிலும் சஸ்காட்செவனிலும் இரண்டாம் உலகப்போரில் இறந்துபோன வீரர்களின் பெயரை ஏரிகளுக்கு வைத்திருக்கிறார்கள். யாரும் போகாத வடகாட்டில், ஊருக்குத் திரும்பாத ஒரு பையனின் பெயரில் ஒரு தண்ணீர். ஈரி என்பதும் ஒரு மக்களின் பெயர்தான். 1650-களின் சண்டைகளில் அவர்கள் சிதறிப்போனார்கள், ஏரிக்கு மட்டும் பெயர் நின்றுவிட்டது. இதைப் படித்த அன்று, பெட்ரோல் பங்கில் நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சம் உறுத்தியது.

ஒரு திங்கட்கிழமை, கூட வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் முதுகில் தட்டி, "பெர்ரி, உன் ஏரியில் மீன் பிடித்துவிட்டு வருகிறேன்" என்றார். வடக்கே கியர்னி என்ற சின்ன ஊரில் பெர்ரி ஏரி என்று ஒன்று இருக்கிறது. அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "இங்க ஒரு ஏரிக்கு நம்ம அப்பா பேரு மாதிரியே பேரு வச்சிருக்காங்கம்மா." "அப்பிடியா!" என்றாள் அம்மா. அந்த 'மாதிரியே' போகிற வழியில் எங்கோ கடலில் விழுந்துவிட்டது. எனக்கு அது தெரிய வெகுகாலம் ஆயிற்று.

மகள் பிறந்து, வளர்ந்து, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனாள். 'என் பெற்றோரின் ஊர்' என்று கட்டுரை. என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல் இணையத்தில் ஆங்கிலத்தில் பெரியார் என்று தேடியிருக்கிறாள். கிடைத்ததையெல்லாம் கோத்து அவள் எழுதியது இன்னும் வீட்டில் இருக்கிறது:

"பெரியார் 1879 ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்தார். 1895 ஆம் ஆண்டு பெரியாரைக் கட்டி முடித்தார்கள். பெரியாரில் யானைகள் குளிக்கும். பெரியார் பெண்களுக்காகப் பாடுபட்டார். பெரியாரில் படகு ஓடும்."

ரீச்சர் ஈழத்தவர், கண்டிப்பானவர். என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை வடிவா எழுதியிருக்கிறா. ஆனா ஆத்தையும் ஆளையும் ஒண்டாக் கட்டிப்போட்டா" என்றார். தாளில் சிவப்பு மையால் 'று' 'று' என்று வரிசையாகத் திருத்தியிருந்தார். ஆறு என்றால் று, ஆள் என்றால் ர். நமக்கு ஒரு எழுத்தில் தீர்ந்துபோகிறது. ஆங்கிலத்தில் தீராது. மலையாளத்திலும் தீராது, அங்கே ஆறும் பெரியார், அவரும் பெரியார், கடைசியில் நிற்பது, நம் மெய்யெழுத்து மாதிரி, ஒரே சில்லெழுத்து. வண்டிப்பெரியாறு என்று தமிழில் சொல்லிக்கொண்டே வண்டிப்பெரியார் என்று மலையாளத்தில் போர்டு எழுதிய பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஒரு நாளும் குழம்பியதில்லை. குழம்புவதற்கு அங்கே யாரும் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

மகளுக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். 1895 அக்டோபரில் அணையைத் திறந்தபோது ஈரோட்டு ராமசாமிக்கு வயது 16. சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் அவரைப் பெரியார் என்று அழைப்பதாகத் தீர்மானம் போட்டது 1938-ல். ஆக ஆற்றின் பெயரே மூத்தது. "அப்போ டேமுக்கு யார் பேர் வச்சிருக்கணும்?" என்றாள். கட்டியவர் பென்னிகுவிக். அவர் பெயரை அணைக்கு வைக்கவில்லை, பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். கம்பத்தில் என் சித்தப்பா பேரனே பென்னிகுவிக்தான். வீட்டில் 'பென்னி'. அவன் ஏதாவது உடைத்தால் மட்டும் முழுப்பெயர் தெரு முழுக்கக் கேட்கும்.

போன ஜூலையில் அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனோம். நெடும்பாசேரியில் இறங்கி, சுற்று என்று டிரைவர் முனகியும் கேட்காமல் வைக்கம் வழி போகச் சொன்னேன். ஆலுவாப் பாலத்தில் மகள் கத்தினாள்: "அப்பா, பெரியார்!" கீழே மழையில் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது எங்கள் ஆறு. டேமிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே தேனிக்கும் மதுரைக்கும் திருப்பியது போக, மேற்கே இறங்குகிற தண்ணீர் ஆலுவாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை காயலில் போய்ச் சேர்கிறது. அந்த வேம்பநாட்டுக் காயலை ஒட்டித்தான் வைக்கம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கவேண்டும் என்று 1924-ல் நடந்த போராட்டத்துக்கு ஈரோட்டிலிருந்து வந்து இரண்டு முறை ஜெயிலுக்குப் போனார் மற்றவர். 2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்த நினைவகத்தில், உட்கார்ந்த நிலையில் இருக்கிறார். மகள் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவர்ல யானை குளிக்காது" என்றாள். பக்கத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். நான் அவளை அவசரமாக வண்டியில் ஏற்றினேன்.

மறுநாள் தேக்கடியில் படகு. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டு உட்கார வைத்தார்கள். யானை வரவில்லை. தூரத்தில் நாலு காட்டெருமை, மழைத் தூறல், அவ்வளவுதான். அவளுக்கு அலுத்துப்போகும் என்று பார்த்தால், தண்ணீரில் நிற்கிற பட்ட மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மரங்கள். 130 வருடம் ஆகியும் விழவில்லை. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம், சிறகை விரித்துக் காயப்போட்டபடி, காய்கிறதற்கு வெயில் இல்லாமலே.

"அப்பா, டொரோண்டோ" என்றாள்.

முதலில் புரியவில்லை. ஊர் ஞாபகம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: டொரோண்டோ என்ற சொல் மொஹாக் என்ற பூர்வகுடி மொழியிலிருந்து வந்தது, தண்ணீரில் மரங்கள் நிற்கிற இடம் என்று பொருள். முதலில் அது எங்கள் நகரத்தின் பெயரே இல்லை. சிம்கோ ஏரியின் வடகோடியில், நீர் குறுகுகிற இடத்தில், 4,000 வருடங்களுக்கு மேலாகக் கம்பு நட்டு மீனுக்கு அடைப்புக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கம்புகள்தான் அந்த மரங்கள். 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மேப்களில் சிம்கோ ஏரிக்கே அந்தப் பெயர்தான் இருக்கிறது. பெயர் அங்கிருந்து நடைபாதை வழியே தெற்கே இறங்கி நகரத்துக்கு வந்தது. சிம்கோ அதை அழித்து யார்க் என்று வைத்தார். 1834-ல் மறுபடி டொரோண்டோ ஆனது. நான் அண்டாவோடு தேடிப்போன ஏரி, டொரோண்டோ என்ற பெயரை டொரோண்டோவுக்குக் கொடுத்துவிட்டு அப்பா சிம்கோவின் பெயரை வாங்கிக்கொண்ட ஏரி.

பன்னிரண்டு வருடம் அந்தப் பெயரை எழுதி விலாசம் நிரப்பியிருக்கிறேன். அதன் அர்த்தம் எங்கள் டேமில் நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். ஏலக்காய்க் காட்டில் அப்பாவோடு வேலை பார்த்தவர். திண்ணையில் உட்கார்ந்து மகளின் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏப்பா, அங்கன கனடாவுல ஒங்கப்பா பேருல ஏரி இருக்காமே. அம்மா சொன்னாக. தெருவுக்கே தெரியும். குடுத்து வச்ச மனுசன்யா."

நான் வாயைத் திறந்தேன். அடுப்படி வாசலில் காப்பி டம்ளரோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"ஆமாண்ணே" என்றேன். "கியர்னின்னு ஒரு ஊரு. அங்க இருக்கு."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். மழை மறுபடி வலுத்தது. காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்:

"எத்தன அடி?"